முதல் மேனுவல் ஃபிலிம் கேமரா: கே1000, எஃப்எம்2, ஓஎம்-1, ஏஇ-1, எதை வாங்குவது?

ஃபிலிமில் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் கொஞ்ச நாள் தேடிய பிறகு பெரும்பாலும் நான்கு பெயர்களில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்: பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1, கேனான் ஏஇ-1. நான்கும் 35 மி.மீ. ஃபிலிம் போடும் எஸ்எல்ஆர் கேமராக்கள், அதாவது லென்ஸ் வழியாகவே பார்த்து எடுப்பவை. நான்கும் இன்று பழைய கேமராவாகத்தான் கிடைக்கும். "எல்லாமே நல்ல கேமராதான், கிடைப்பதை வாங்குங்கள்" என்பதுதான் வழக்கமாக வரும் பதில்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருட்டுப் பெட்டிக்குள் ஃபிலிம்மீது வெளிச்சத்தை விழவைப்பதில் நான்கும் ஒன்றுதான். ஆனால் எவ்வளவு வெளிச்சம் விழப்போகிறது என்பதை உங்களுக்குச் சொல்லும் விதத்தில் நான்கும் வேறு வேறு. கற்றுக்கொள்கிறவருக்கு அதுதான் முக்கியம். ஷட்டர் ஸ்பீடை (ஷட்டர் நொடியில் எத்தனை பங்கு நேரம் திறந்திருக்கும் என்பதை) மாற்றினால் என்ன ஆகிறது, அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளையின் அளவை) திருப்பினால் என்ன ஆகிறது என்று கண்ணுக்கும் விரலுக்கும் உடனே தெரியவேண்டும். அதை மறைக்கும் கேமரா எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், கற்பதற்கு அது சரியான கேமரா இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

வியூஃபைண்டரில், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னலில், என்ன தெரிகிறது என்பது முதல் கேள்வி. வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் எப்படிக் காட்டுகிறது, நீங்கள் வைத்த ஸ்பீடும் அப்பர்ச்சரும் கண்ணை எடுக்காமலேயே தெரிகிறதா என்று பார்க்கவேண்டும்.

இரண்டாவது, பேட்டரி. அது தீர்ந்துபோனால் கேமரா ஓடுமா, அந்த பேட்டரி நம் ஊரில் கிடைக்குமா?

மூன்றாவது நம் வெயில். நிறைய வெளிநாட்டு ஒப்பீடுகளில் இதைப் பற்றிப் பேச்சே இருக்காது. உச்சி வெயிலில் படம் எடுக்கிறவருக்கு ஷட்டரின் அதிகபட்ச வேகம் சும்மா ஒரு எண் இல்லை, படம் எப்படி வரும் என்பதையே அது தீர்மானிக்கும். கீழே கணக்கோடு சொல்கிறேன்.

நான்காவது, லென்ஸ். பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) மாற்றலாம், ஆனால் சேர்த்துவைத்த லென்ஸ்களை விட்டு எளிதில் நகர முடியாது. எனவே கேமராவைத் தேர்வு செய்யும்போது நீங்கள் உண்மையில் ஒரு லென்ஸ் மவுண்டை, அதாவது லென்ஸ் மாட்டும் அமைப்பை, தேர்வு செய்கிறீர்கள்.

ஐந்தாவது, விலைச்சீட்டில் இல்லாத செலவு: சர்வீஸ், பேட்டரி, ஃபங்கஸ் (லென்ஸில் பிடிக்கும் பூஞ்சை), அப்புறம் ஃபிலிம்.

## பென்டாக்ஸ் கே1000

1976-ல் வந்து 1997 வரை தயாரிப்பில் இருந்தது. 30 லட்சத்துக்கும் மேல் விற்ற கேமரா. சுயமாக இயங்கும் எதுவும் இதில் இல்லை. செல்ஃப் டைமர் கிடையாது, படத்தில் எவ்வளவு ஆழம் ஃபோகஸில் இருக்கும் என்று முன்கூட்டிப் பார்க்கும் லீவரும் கிடையாது. ஒரு ஸ்பீட் டயல், லென்ஸில் அப்பர்ச்சர் வளையம், ஃபோகஸ் வளையம், அவ்வளவுதான்.

வியூஃபைண்டரின் வலப்பக்கம் ஒரு முள் இருக்கும். முள் நடுவுக்கு வந்தால் வெளிச்சம் சரி, மேலே போனால் அதிகம், கீழே போனால் குறைவு. ஸ்பீடை மாற்றினாலும் அப்பர்ச்சரை மாற்றினாலும் அதே முள்தான் நகரும். ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தால் முள் பழைய இடத்துக்கே திரும்பும். ஸ்பீடுக்கும் அப்பர்ச்சருக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. வைத்திருக்கும் ஸ்பீடோ அப்பர்ச்சரோ எவ்வளவு என்பது மட்டும் உள்ளே தெரியாது. கண்ணை எடுத்து டயலையும் வளையத்தையும் பார்க்கவேண்டும்.

குறைகள் உண்டு. மாலை மங்கிய பிறகு, அல்லது கோயில் பிரகாரத்துக்குள் நின்றால், முள்ளே கண்ணுக்குத் தெரியாது. இதிலுள்ள சிடிஎஸ் (காட்மியம் சல்பைடு) மீட்டர் மெதுவானது. பளீரென்ற வெயிலைப் பார்த்துவிட்டு நிழலுக்குத் திரும்பினால் முள் நிலைகொள்ளச் சற்று நேரம் எடுக்கும், பொறுத்துப் பார்க்கவேண்டும். மீட்டருக்குத் தனி சுவிட்சும் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டுவைப்பதுதான் அதை அணைக்கும் வழி. மூடியைத் தொலைத்தவர் பேட்டரியையும் சீக்கிரம் தொலைப்பார்.

ஆனால் அந்த பேட்டரி எல்ஆர்44. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அதுவும் மீட்டருக்கு மட்டுமே. பேட்டரி இல்லாமலே எல்லா ஸ்பீடிலும் ஷட்டர் அடிக்கும்.

லென்ஸ் விஷயத்தில் பென்டாக்ஸ் கே மவுண்டுக்கு ஒரு நல்ல குணம். எம்42 என்ற பழைய திருகு மவுண்ட் லென்ஸ்களை ஒரு மெல்லிய அடாப்டர் போட்டு மாட்டலாம். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான தூரம் இரண்டு மவுண்டிலும் ஒன்றே என்பதால் தொலைதூர ஃபோகஸ் கெடாது. சோவியத் ஜெனிட் கேமராக்களோடு வந்த ஹீலியோஸ் 58 மி.மீ. லென்ஸ் யார் வீட்டு அலமாரியிலாவது தூங்கிக்கொண்டிருந்தால், அதற்கு மறுவாழ்வு கொடுக்கலாம்.

## நிக்கான் எஃப்எம்2

1982-ல் வந்தது. நான்கிலும் விலை அதிகமானது இதுதான். அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

முதலில் வியூஃபைண்டர். இடப்பக்கம் ஷட்டர் ஸ்பீட், மேலே சின்ன ஜன்னலில் அப்பர்ச்சர் எண், வலப்பக்கம் சிவப்பு எல்இடி விளக்குகளில் மீட்டர். கண்ணை எடுக்காமல் மூன்றும் தெரியும். இருட்டிலும் விளக்கு தெரியும் என்பதால், கே1000-இன் முள் காணாமல்போகும் இடங்களில் இது தொடர்ந்து பேசும்.

அடுத்தது ஷட்டர். இதைத்தான் நம் வெயிலோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். வெட்ட வெயிலில் அப்பர்ச்சரை எஃப்/16-இல் வைத்து, ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு (வெளிச்சத்தை அது எவ்வளவு வேகமாக உணரும் என்பதைச் சொல்லும் எண்) பக்கத்தில் உள்ள ஸ்பீடை வைத்தால் படம் சரியாக வரும் என்பது பழைய விதி. எஃப் எண் பெரிதாகப் பெரிதாகத் துளை சின்னதாகும். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் என்றால் எஃப்/16, 1/500. இப்போது பின்னணியை மங்கலாக்க அப்பர்ச்சரைத் திறக்கப் பார்க்கிறீர்கள். 1/1000-இல் நின்றுவிடும் கேமராவில் எஃப்/11 வரைதான் போகலாம். அதற்குமேல் திறந்தால் படம் வெளுக்கும். எஃப்எம்2-இன் ஷட்டர் 1/4000 வரை போகும், அதில் எஃப்/5.6 வரை திறக்கலாம். ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில் இந்த எல்லை மற்றவற்றில் எஃப்/5.6, இதில் எஃப்/2.8. வெளிச்சமான இடத்தில் உருவப்படம் எடுக்கிறவருக்கு இந்த இரண்டு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) மிகப் பெரிது.

ஃபிளாஷ் போடுகிறவருக்கும் அப்படியே. மற்ற மூன்றும் ஃபிளாஷோடு 1/60-க்கு மேல் போகாது. எஃப்எம்2-இல் முதலில் 1/200 இருந்தது, 1984-க்குப் பிறகு வந்த மாடலில் 1/250 ஆனது. வெயிலில் நிற்கும் மணமக்கள் முகத்தில் விழும் கறுப்பு நிழலை ஃபிளாஷால் நிரப்ப வேண்டும் என்று வையுங்கள். ஐஎஸ்ஓ 100-இல் 1/60 என்றால் எஃப்/22 வைக்கவேண்டும். 1/250 என்றால் எஃப்/11 போதும். ஃபிளாஷின் சக்தி நான்கில் ஒரு பங்கு இருந்தால் வேலை முடிந்துவிடும்.

பேட்டரி இல்லாமல் 1/4000 உட்பட எல்லா ஸ்பீடும் வேலை செய்யும். பேட்டரி, அதே எல்ஆர்44 இரண்டு.

குறை என்றால், மீட்டரை இயக்க ஃபிலிம் லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்துவைக்க வேண்டும். இடக்கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது நெற்றியில் குத்தும். வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

லென்ஸ் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். நிக்கான் எஃப் மவுண்ட் 1959 முதல் இருப்பதால் எல்லா நிக்கான் லென்ஸும் மாட்டும் என்று விற்பவர் சொல்லக்கூடும். அது உண்மை இல்லை. 1977-ல், லென்ஸில் வைத்த அப்பர்ச்சரைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் ஏஐ என்ற முறை வந்தது. அதற்கு முந்தைய, மாற்றம் செய்யப்படாத லென்ஸை எஃப்எம்2-இல் திணித்தால் கேமராவின் லீவர் சேதமாகும். அப்பர்ச்சர் வளையமே இல்லாத புதிய ஜி வகை லென்ஸ்களும் பயன்படாது. ஏஐ, ஏஐ-எஸ், அப்பர்ச்சர் வளையம் உள்ள டி வகை, இவை சரி. 50 மி.மீ. எஃப்/1.8 டி லென்ஸ் டிஜிட்டல் நிக்கான் வைத்திருக்கும் பலரிடம் ஏற்கனவே இருக்கும். அது இருந்தால் உங்களுக்கு ஒரு லென்ஸ் செலவு மிச்சம்.

## ஒலிம்பஸ் ஓஎம்-1

யோஷிஹிசா மைத்தானி வடிவமைத்த கேமரா. 1972-ல் எம்-1 என்ற பெயரில் வந்தது. ஜெர்மன் கேமரா நிறுவனமான லைக்கா ஆட்சேபித்ததால் ஓஎம்-1 ஆனது. பாடி சுமார் 510 கிராம். சின்னது, சத்தம் குறைவு. ஆனால் கண்ணை வைத்ததும் வியப்பு வரும்: அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு பெரிய வியூஃபைண்டர். ஃபோகஸ் பார்ப்பது இதில்தான் மிகச் சுகம். கண்ணாடி போடுகிறவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை பார்க்கவேண்டும்.

ஸ்பீட் டயல் மேலே இல்லை, லென்ஸ் மவுண்டைச் சுற்றி வளையமாக இருக்கிறது. மேலே டயல் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பது ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணை வைக்கும் டயல். புதிதாக எடுக்கிறவர்கள் அதைத் திருப்பிவிடுவதுண்டு. பழகிவிட்டால் ஸ்பீட், ஃபோகஸ், அப்பர்ச்சர் மூன்றும் இடக்கைக்குள் அடங்கிவிடும். வலக்கைக்கு ஷட்டரை அழுத்துவதும் லீவரை இழுப்பதும்தான் வேலை. தெருவில் வேகமாகப் படம் எடுக்க இதைவிட நல்ல அமைப்பு இந்த நான்கில் இல்லை. ஸ்பீடோ அப்பர்ச்சரோ உள்ளே தெரியாது, முள் மட்டும் தெரியும். ஆனால் விரல் வளையத்திலேயே இருப்பதால் அது பெரிய குறையாகப் படவில்லை.

உண்மையான தலைவலி பேட்டரி. ஓஎம்-1-இன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்த பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. அதே அளவில் 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் மீட்டர் பொய் சொல்லும். வெளிச்சம் இருப்பதைவிட அதிகம் என்று நம்பி படங்களை இருட்டாக்கும். இதற்கு மூன்று வழிகள். வோல்ட்டைக் குறைக்கும் அடாப்டர் வாங்கலாம். மீட்டரையே 1.5 வோல்ட்டுக்கு மாற்றித்தரும் மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். அல்லது காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 அளவு ஜிங்க் ஏர் பேட்டரியை, அளவுக்கு ஒரு சின்ன வளையம் வைத்துப் போடலாம். இது 1.4 வோல்ட், பாதரசத்துக்கு மிக நெருக்கம். காதுக்கருவி விற்கும் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் கேட்டுப்பாருங்கள். ஒட்டியிருக்கும் தாளை உரித்த சில மாதங்களில் அது தீர்ந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்.

இன்னொரு மறைவான நோய்: வியூஃபைண்டர் பிரிசத்தின் (படத்தைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியின்) மேலே வைத்த ஃபோம் பல ஆண்டுகளில் கரைந்து, பிரிசத்தின் வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். உள்ளே பார்க்கும்போது கறுப்புப் புள்ளிகளோ பட்டையோ தெரிந்தால் அதுதான். படத்தில் விழாது, ஆனால் சரிசெய்யச் செலவாகும்.

## கேனான் ஏஇ-1

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1976-ல் வந்த இது கேமராவுக்குள் மைக்ரோபிராசசர் வைத்த முதல் எஸ்எல்ஆர். நீங்கள் ஸ்பீடை வைத்தால் அப்பர்ச்சரை அதுவே பார்த்துக்கொள்ளும். ஓடும் பிள்ளைகளை, கபடியை, ஜல்லிக்கட்டை எடுக்கிறவருக்கு அது பெரிய வசதி. இதில் மாட்டும் எஃப்டி லென்ஸ்களும் தரமானவை. 1987-ல் கேனான் இஎஃப் என்ற வேறு மவுண்டுக்குப் போய்விட்டதால் அவற்றின் வரிசை அதற்குமேல் வளரவில்லை.

மேனுவலாக இயக்கும்போதுதான் சிக்கல். முள் "இந்த அப்பர்ச்சர் வை" என்று சிபாரிசு மட்டும் சொல்லும். நீங்கள் வளையத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. திருப்பினாலும் முள் அசையாது. கண்ணை எடுத்து, வளையத்தைப் பார்த்து, திருப்பி, மறுபடி கண்ணை வைக்கவேண்டும். கே1000-இன் முள் கற்றுத்தரும் பாடம் இங்கே கிடைக்காது. அதோடு ஷட்டர் மின்சாரத்தில் ஓடுவதால் பேட்டரி தீர்ந்த நொடி கேமரா நின்றுவிடும். அதற்கு 6 வோல்ட் 4எல்ஆர்44 வேண்டும், பயணத்தில் ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கவேண்டும். ஷட்டர் அடிக்கும்போது கீச்சென்று இருமுவதுபோல் சத்தம் வந்தால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று பொருள்; சர்வீஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | கே1000 | எஃப்எம்2 | ஓஎம்-1 | ஏஇ-1 |
|---|---|---|---|---|
| மீட்டர் | முள் | எல்இடி | முள் | முள், அப்பர்ச்சர் சிபாரிசு மட்டும் |
| உள்ளே தெரியும் எண்கள் | இல்லை | ஸ்பீட், அப்பர்ச்சர் | இல்லை | அப்பர்ச்சர் அளவுகோல் |
| பேட்டரி இல்லாமல் | ஓடும் | ஓடும் | ஓடும் | ஓடாது |
| அதிக வேகம் | 1/1000 | 1/4000 | 1/1000 | 1/1000 |
| ஃபிளாஷ் வேகம் | 1/60 | 1/200 அல்லது 1/250 | 1/60 | 1/60 |
| பாடி எடை, சுமார் | 620 கிராம் | 540 கிராம் | 510 கிராம் | 590 கிராம் |
| பார்க்கவேண்டிய கோளாறு | மந்தமான மீட்டர் | பொருந்தாத பழைய லென்ஸ் | பேட்டரி, பிரிசம் | கீச்சுச் சத்தம், உடைந்த பேட்டரி மூடி |

## எந்த லென்ஸோடு தொடங்குவது

50 மி.மீ. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் அதையே சொல்வேன். நான்கு மவுண்டிலும் 50 மி.மீ. எஃப்/1.8 அல்லது எஃப்/2 குறைந்த விலைக்குக் கிடைக்கும், உள்ளே நிறைய வெளிச்சம் வரும், ஃபோகஸ் பார்ப்பது எளிது. 35-70 ஜூம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதோடு தொடங்காதீர்கள். அதன் அப்பர்ச்சர் சின்னது, வியூஃபைண்டர் மங்கும், வீட்டுக்குள் ஃபோகஸ் பார்க்கத் திணறுவீர்கள்.

தெருவையும் திருவிழாவையும் எடுக்கிறவர் மட்டும் முதலிலேயே 35 மி.மீ. பக்கம் போகலாம். காரணம் லென்ஸின் மேல் உள்ள ஆழ அளவுகோல். 35 மி.மீ. லென்ஸை எஃப்/11-இல், 4 மீட்டரில் வைத்தால், ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் ஃபோகஸில் இருக்கும். மேலே போட்ட கணக்கை நினைத்துப்பாருங்கள்: ஐஎஸ்ஓ 400, வெயில், எஃப்/11, 1/1000. கே1000-க்கும் ஓஎம்-1-க்கும் எல்லையாகத் தெரிந்த அதே இடம் தெருப் படத்துக்கு மிகப் பொருத்தமான இடமாகிவிடுகிறது. ஃபோகஸைத் தொடவே வேண்டாம், தூக்கி எடுக்கலாம். 50 மி.மீ. லென்ஸில் அதே எஃப்/11-இல் இந்த வசதி 4 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும்.

## மறைந்திருக்கும் செலவுகள்

நான்கு கேமராவுக்கும் பொதுவானவை இவை. பின்மூடி ஓரத்திலும் லென்ஸுக்குப் பின்னால் உள்ள மிரருக்கு மேலும் ஒட்டிய ஃபோம் இத்தனை வருடத்தில் பிசுபிசுத்துப் போயிருக்கும். மாற்றாவிட்டால் படத்தில் வெளிச்சக் கோடு விழும். மாற்றுவது சின்னச் செலவு, பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். ஷட்டரைத் திறந்து சுத்தம்செய்து எண்ணெயிடும் சர்வீஸ் பெரிய செலவு. அது தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கிறாரா என்று கேமரா வாங்கும் முன்பே விசாரியுங்கள். அவர் எந்த பிராண்டைக் கையாள்வார் என்பதே சிலருக்குத் தேர்வை முடித்துவைக்கும்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு, சென்னையானாலும் யாழ்ப்பாணமானாலும், லென்ஸின் முதல் எதிரி ஃபங்கஸ். தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டிவைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான பாதுகாப்பு. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது, இவை போதும். ஃபங்கஸ் பிடித்த லென்ஸ் பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம். கண்ணாடியின் பூச்சை அது தின்றிருந்தால் சுத்தம்செய்தும் தடம் போகாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ஃபிலிம். மாதம் இரண்டு ரோல் என்றால் வருடத்துக்கு 24 ரோல், 864 படம். ஒவ்வொரு ரோலுக்கும் வாங்கும் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கூலி என்று மூன்று முறை பணம் போகும். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இண்டு' என்ற பெயரில் நம் மண்ணிலேயே கறுப்பு வெள்ளை ஃபிலிம் செய்தது. அந்த ஆலை மூடிக்கிடப்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இப்போது இங்கே விற்பது இறக்குமதிச் சரக்கு. ஆகவே கையில் இருக்கும் பணம் முழுவதையும் பாடியில் கொட்டாதீர்கள். பத்து ரோலுக்கும் அதைக் கழுவுவதற்கும் பணத்தை எடுத்துவைத்துவிட்டு, மீதியில் கேமரா பாருங்கள்.

## யாருக்கு எது

ஒன்றுமே தெரியாமல் தொடங்குகிறவர், பட்ஜெட் குறைவு, பகலில் எடுப்பார்: கே1000. என் முதல் சிபாரிசு இதுதான்.

உருவப்படம், கல்யாணம், ஃபிளாஷ் வேலை, அல்லது பல ஆண்டுகள் இதே கேமராவோடு இருக்கப்போகிறேன் என்ற உறுதி: எஃப்எம்2. ஏற்கனவே நிக்கான் லென்ஸ் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இல்லாவிட்டால், பாடி, லென்ஸ் இரண்டின் விலையையும் கூட்டிப்பார்த்து, அது பத்து ரோல் காசைத் தின்கிறதா என்று பாருங்கள். தின்றால் கே1000-க்கே வாருங்கள்.

தினமும் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பவர், பயணம் போகிறவர், கண்ணாடி அணிபவர்: ஓஎம்-1, பேட்டரி ஏற்பாட்டை முதல் நாளே முடித்துவிடும் நிபந்தனையோடு.

ஏஇ-1 ஓரளவு தெரிந்தவருக்கு, ஸ்பீட் மட்டும் தன் கையில் இருந்தால் போதும் என்பவருக்கு. கற்றுக்கொள்ளும் முதல் கேமராவாக அதை நான் சொல்லமாட்டேன்.

## பணம் கொடுக்கும் முன்

பெயர் எதுவானாலும், நல்ல நிலையில் உள்ள கே1000 கெட்டுப்போன எஃப்எம்2-ஐ வென்றுவிடும். எனவே சோதித்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ 200, எஃப்/16, 1/250 வைத்து வெயில் விழும் தரையைப் பாருங்கள். மீட்டர் ஏறக்குறைய நடுவில் நிற்கவேண்டும்; ஏஇ-1-இல் மட்டும் முள் 16-க்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். பின்மூடியைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி 1/1000-இல் அடியுங்கள். சட்டம் முழுக்க வெளிச்சம் மின்னவேண்டும். ஒரு பக்கம் இருண்டால் ஷட்டர் திரைகள் ஒத்துப்போகவில்லை. 1 நொடியில் அடித்துக் காதால் கேளுங்கள். இழுத்துக்கொண்டே போனால் எண்ணெய் காய்ந்துவிட்டது. லென்ஸை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் அப்படியே.

வீட்டிலேயே அப்பாவின் யாஷிகாவோ மாமாவின் ஜெனிட்டோ இருந்தால், மேலே சொன்ன சோதனைகளை அதில் செய்துவிட்டுத்தான் கடைக்குப் போகவேண்டும். அது தேறிவிட்டால் ஃபோமை மட்டும் மாற்றி, ஒரு ரோல் கறுப்பு வெள்ளை போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் வைத்த ஸ்பீடையும் அப்பர்ச்சரையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ரோலைக் கழுவி வந்தபின் அந்த நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், உங்களுக்கு இந்த நான்கில் ஒன்று தேவையா, இருப்பதே போதுமா என்று தெரிந்துவிடும்.